பொத்திப் பார்த்தல்

போன மார்கழியில்
புலிபாய்ந்தகல் தாம்போதியில் நின்றது இந்த ஜீப்.
நின்றது என்று சொல்லக்கூடாது.
ஒரு மிடறு குடித்தது.
அவ்வளவுதான்.

எஞ்சினைப் பிரித்து
வளைந்த தண்டை என் கையில் தந்தான் பூபாலரெத்தினம்.
"காத்தெண்டா நசுங்கும் அக்கா.
தண்ணி நசுங்காது.
நசுக்கப் போன இரும்புதான் வளையும்."
என் குவைத் சம்பளத்தில் எட்டு மாதம்
அந்த வளைவுக்குள் போனது.
பின்னால் நூற்றிப்பத்து லீற்றர் பால்
கேனோடு திரைந்தது.
பட்டிக்காரருக்கு என்ன சொல்ல?
மூக்கில தண்ணி போயிட்டு என்றேன்.

இடுப்பளவு நனையலாம் டீசல் எஞ்சின்,
நெஞ்சளவும் நனையலாம்.
மூச்சில் மட்டும் ஒரு சொட்டு ஆகாது.

இந்த வருசம் ஐப்பசிக்குள்ளேயே தொடங்கினோம்.
மட்காட்டுக்குள் ஒளிந்திருந்த பழைய மூக்கை
அறுத்து அடைத்தோம்.
கக்கூசுக்கு வாங்கி மிஞ்சின மூன்றங்குலக் குழாய்;
மணல் நிரப்பி, நெருப்பில் வாட்டி,
முழங்கைபோல் மடக்கினான்.
முன்கண்ணாடி ஓரமாக ஏற்றிக்
கூரைக்கு மேலே விட்டோம்.
வாய் முன்னுக்குப் பார்த்தது.
பின்னுக்குக் கிறுக்கு என்றேன்.
"காத்து முன்னாலதானே வரும்?"
"உழவு மெசினுக்குப் பின்னால போய்ப் பார்.
மறுகா சொல்லு, வாறது காத்தா சேறா எண்டு."

குவைத்தில் பாபாவின் வண்டிகளுக்கு மணல்தான் எதிரி.
வெள்ளி இரவுகளில் வடிகட்டியைத் தட்டுவது என் வேலை,
சம்பளத்தில் சேராதது.
வண்டி இழுத்த பாலைவனம்
என் கண்ணிமையில் வந்து ஒட்டும்.
அங்கிருந்து கொண்டுவந்தது ஒரு சோடி நைலோன் காலுறை.
போட்டதே இல்லை.
ஒன்றை வெட்டிக் குழாயின் வாய்க்கு உறையாகக் கட்டினேன்.
பூபாலரெத்தினம் சிரிப்பை மறைக்க
ஸ்பேனர் தேடினான்.

பொருத்துப் பொருத்தாகப் பசை.
சோதிக்க வழி ஒன்றுதான்:
எஞ்சின் ஓட ஓட
வாயைக் கையால் பொத்த வேண்டும்.
சரியாகச் செய்திருந்தால் அது சாகும்.

ஏணியில் ஏறிப் பொத்தினேன்.
உள்ளங்கையை இழுத்தது குழாய்,
கன்று விரலைச் சப்புமே, அப்படி.
சாகவில்லை.
கொஞ்சம் முனகி, ஓடிக்கொண்டே இருந்தது.
எங்களுக்குத் தெரியாத எங்கோ ஓர் ஓட்டையால்
மூச்செடுக்கிறது.
அது உயிரோடிருந்ததுக்காக
எனக்கு வந்த கோபத்தை
யாரிடம் சொல்வது.

இரண்டு நாள் தேடினோம்.
சாம்பிராணி புகைத்துக் குழாய்க்குள் ஊதினான்.
வடிகட்டிப் பெட்டியின் அடியில்,
தூசி வடிய வைத்த றப்பர் நுனி கிழிந்து
நூலாகக் கசிந்தது புகை.
கடுகளவு.
ஆற்றுக்கு அது போதும்.

மறுபடி பொத்தினேன்.
நடுங்கி, முக்கி, ஒருதரம் உலுக்கி
நின்றது.
வளவு முழுக்க ஒரு சத்தமில்லை.
"செத்துட்டு! செத்துட்டு!" என்று நான் கத்த,
வேலிக்கு அங்கால் இருந்து பவளராணி
தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்,
ஆர் எண்டு கேட்டு.

இன்று தாம்போதியைக் காணவில்லை,
ஓரக் கட்டைகளின் தலைகள் மட்டும்.
கிரான் பக்கம் சனம் வள்ளத்துக்கு நிற்கிறது.
இரண்டாம் கியரில் இறக்கினேன்.
நடுவில் தண்ணீர் கதவிடுக்கால் வந்து
என் செருப்பைக் கழற்றிக்கொண்டு போனது.
காலுக்குத்தானே, வரட்டும்.
எதிரே வந்த உழவு மெசின்
ஒரு வாளி சேற்றைத் தலையில் ஊற்றிவிட்டுப் போனது;
பெட்டியில் இருந்தவர்கள் கையசைத்தார்கள்.

அக்கரைப் பட்டியில்
பாலை அளந்தபடி அழகேசன் கேட்டான்:
"இதென்ன, புகை போற குழலா?"
நான் பதில் சொல்லாமல்
கூரையில் ஏறிக் காலுறையை அவிழ்த்தேன்.
சேறு கட்டி,
யாரோ நடந்த கால்போல் கனத்தது.

மேற்கே வானம் கறுக்கிறது.
திரும்பியும் போக வேண்டும்.
மற்றக் காலுறையை எடுத்தேன்.